ஆரூரன் என்ற கையொப்பம்: நடுநாட்டில் பெயரும் பக்தியும்

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஒரு நாள் விசாரணைக்கு வந்த அந்தப் பழைய வழக்கு, ஆழ்ந்து நோக்கினால், ஒரு பெயரைப் பற்றிய வழக்கேயாகும். புத்தூரில் மணக்கோலம் பூண்டு வீற்றிருந்த நம்பி ஆரூரரை நோக்கி, ‘நீ எனக்கு அடிமை’ என்று சொல்லிக்கொண்டு ஒரு முதிய வேதியர் வந்து நின்றதையும், ஆத்திரமுற்ற மணமகன் அவரைப் பித்தன் என்று ஏசி, அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்ததையும், கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கூறி வேதியர் அவரை வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு அழைத்துச் சென்றதையும் சேக்கிழார் பெருமான், நீதிமன்ற நடவடிக்கையைக் குறிப்பெடுப்பவரைப் போன்ற நிதானத்தோடு பெரியபுராணத்தில் வரைந்திருக்கிறார்.

கதையைக் கேட்டு வளர்ந்த நாம் பெரும்பாலும் கவனியாது விட்டுவிடுகிற விஷயம் அந்த ஓலையின் வாசகத்தில் இருக்கிறது. அதில் கையொப்பமிட்டவர் மணமகன் அல்லர், அவருடைய பாட்டனார். பாட்டனாரின் பெயரும் ஆரூரன். ‘நானும் என் வழிவருவோரும் தொண்டு செய்வோம்’ என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பது யாருக்கு என்றால், வெண்ணெய்நல்லூர்ப் பித்தன் என்ற பெயருடையவருக்கு. ஆகவே, பேரன் கோபத்தில் வீசிய வசைச்சொல், இரண்டு தலைமுறைக்கு முன்பே பாட்டனார் பக்தி சிரத்தையோடு ஓலையில் பொறித்து வைத்த நாமமாக இருந்திருக்கிறது. சபையோர் பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நம்பி தோற்றார் என்று தீர்ப்பளித்தனர். உமது வீடு எங்கே என்று கேட்டதற்கு, முதியவர் அருட்டுறைத் திருக்கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். பின்பு, எதைச் சொல்லிப் பாடுவேன் என்று கலங்கி நின்ற நம்பிக்கு, ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று கட்டளை கிடைத்தது. வன்மொழி பேசி வழக்காடியமையால் வன்றொண்டன் என்ற புதுப்பெயரும் கிடைத்தது.

மனிதனுடைய பெயர் அவனுக்கு மட்டும் உரிய உடைமையன்று, பிறர் அவனை அழைப்பதற்காக அவனிடம் ஒப்புவித்த ஒரு சாசனம் என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வரலாறு நமது சமய இலக்கியத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டன் பெயரைத் தாங்குவதனாலேதான் ‘பெயரன்’ என்ற சொல் உண்டாகி, அது பேரன் என்று மருவிற்று. பெயரை வாங்கிக்கொண்டவன், அந்தப் பெயரால் எழுதப்பட்ட கடனையும் வாங்கிக்கொண்டான் என்பதே வெண்ணெய்நல்லூர்த் தீர்ப்பின் உட்பொருள். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சூழ்ந்த இந்த நடுநாட்டுப் பகுதியில், சைவரும் வைணவரும் சமணரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் பெயர் விஷயத்தில் கைக்கொண்டு வந்திருக்கிற வழக்கங்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, அந்தத் தீர்ப்பு அவ்வூர்ச் சபையோடு நின்றுவிடவில்லை என்பது புலப்படும்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் நமது வீடுகளில் நடப்பது என்ன? தொட்டிலில் இடப்பட்ட சிசுவின் காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொல்லுகிறார்கள். ஊருக்கு அறிவிப்பதற்கு முன்பாகப் பெயருக்கு உரியவனிடம் அறிவிக்கிற அந்த மரியாதை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இஸ்லாமியக் குடும்பங்களில் பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கு ஓதப்படுகிறது. ஏழாம் நாளில் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே குருவானவர் பெயர் சொல்லி அழைத்து நீர் வார்க்கும் நிமிஷமே பெயர் பிறக்கும் நிமிஷம். வைணவர்கள் கொள்ளும் பஞ்ச சம்ஸ்காரங்களில் நாமம் என்பது ஒரு தனி அங்கம். தோளில் சங்கு சக்கரம் பொறித்து, நெற்றியில் புண்டரம் இட்ட பிறகு, இன்னாருடைய தாசன் என்ற பெயரை ஆசாரியர் அளிக்கிறார். சமயங்கள் வேறாயினும், தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டு பிறந்தவன் யாருமில்லை; பிறர் வாயிலிருந்து அது வர வேண்டும், தன் செவி அதைக் கேட்க வேண்டும் என்ற விதி எங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

எந்தப் பெயரை வைப்பது என்ற கேள்விக்கு இந்தச் சீமையின் விடை பெரும்பாலும் குலதெய்வத்தின் சந்நிதியிலிருந்து வருவது. பச்சையம்மனுக்கும் மன்னார்சாமிக்கும் நேர்ந்துகொண்டு பிறந்தவர்கள் பச்சையப்பன், பச்சையம்மாள், மன்னாதன் என்று பெயர் பெற்றார்கள். திருப்பதிக்கு முடி நேர்ந்தவர்கள் வீட்டில் ஏழுமலை. திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போய் வந்தவர்கள் வீட்டில் அண்ணாமலை. பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கும் திரௌபதியம்மன் கோயில்களைச் சார்ந்த ஊர்களில் தருமராஜாக்களும் அர்ச்சுனன்களும் பாஞ்சாலிகளும் தலைமுறைதோறும் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். தெருவில் நின்று ஒருவன் பெயரை உரக்கக் கூப்பிட்டால், அவனுடைய குடும்பம் எந்தத் தெய்வத்தின் வாசலில், எந்தக் கவலையோடு நின்றது என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

இவற்றுள் ஒரு பெயரைக் குறித்து நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் காவல் தெய்வமாக நிற்பவர் பாவாடைராயன். அவருடைய பெயரை ஆண் குழந்தைகளுக்குப் பாவாடை என்று சூட்டுவது விழுப்புரம், செஞ்சி வட்டாரங்களில் தொன்றுதொட்ட வழக்கம். இந்த ஊரில் அது கம்பீரமான பெயர். அதே பெயரைத் தாங்கிய சிறுவன் படிப்பதற்கோ பிழைப்பதற்கோ சென்னைப் பட்டணம் போனதும், வகுப்பறையிலும் வேலைத்தலத்திலும் அது நகைப்புக்கு உரியதாகி, அவன் வெட்கி, சில சமயம் பெயரையே மாற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறான். பெண்கள் உடுத்தும் ஆடை என்ற ஒரே பொருளைத்தான் நகைப்பவர்கள் அறிவார்கள். பெரியோர் நடந்து வருவதற்காக நிலத்தில் விரிக்கும் துணிக்கும், தெய்வத்தின் முன்னே துணி விரித்து அதன்மேல் குவித்துப் படைக்கும் அன்னத்துக்கும் அச்சொல் உரியது என்பதைத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பார்க்கும் எவரும் காணலாம். படையலின் பெயரைத் தாங்கியவனைப் பார்த்து ஒரு வகுப்பே சிரிக்கிறது என்றால், குறை அவன் பெயரிலா இருக்கிறது?

குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்த வீடுகளில் வேறொரு விதமான பெயர்கள் வழங்கின. பிறந்த சிசுவைக் குப்பை மேட்டில் கிடத்தி, வேறொருத்தி எடுத்து வந்து கொடுப்பதுபோல் கொடுக்க, அதைக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் அழைத்தார்கள். தவிட்டுக்கு விற்று மறுபடி வாங்கினார்கள். பிச்சை என்றார்கள், மண்ணாங்கட்டி என்றும் துணிந்து பெயரிட்டார்கள். இவற்றை அறியாமை என்று ஒதுக்கும் கற்றோரை நான் கண்டிருக்கிறேன். அம்மையும் பேதியும் வீடுவீடாகப் புகுந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தில், யமனுடைய கண்ணுக்கு இது ஒரு பொருட்டல்லாத மண்கட்டி என்று காட்டினாலாவது பிள்ளை தங்காதா என்று ஏங்கிய தாயின் பிரார்த்தனை அந்தப் பெயர். தேடி எடுத்த அழகிய பெயர்கள் பலவற்றைவிட அதில் அன்பு அதிகம். ஆனால் பெண் மகவு போதும் என்ற எண்ணத்தில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் இட்ட பெயர்களை நான் இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். மண்ணாங்கட்டி என்ற பெயர் பிள்ளையை இருக்கச் சொல்கிறது. வேண்டாம் என்ற பெயர், அவள் இருப்பதையே குற்றமாக்கி, அவள் ஆயுள் முழுவதும் அவளையே சுமக்கச் செய்கிறது.

பெயரைச் சொல்வது எவ்வளவு பாரமான காரியம் என்று நம் பாட்டிமார்கள் அறிந்திருந்ததற்கு மற்றொரு சான்று, அவர்கள் சொல்லாது விட்ட பெயர். கணவன் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டால், ஏழுமலையானைக் கும்பிட்டுக் காட்டியோ, அருகில் நிற்கும் பேரப்பிள்ளையைச் சொல்லவிட்டோ விடை தருவார்கள்; தெய்வத்துக்கும் அதே பெயரானால் கோயிலில்கூட வேறு நாமத்தால் வேண்டிக்கொள்வார்கள். கடவுளின் நாமத்தை ஆயிரம் முறை உச்சரிப்பது எப்படி பக்தியோ, அப்படியே கணவனின் பெயரை ஒரு முறையேனும் உச்சரியாதிருப்பது மரியாதை என்று அவர்கள் கருதினார்கள். இந்த மரியாதை ஒருவழிப் பாதையாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. மனைவியின் பெயரைக் கணவன் தாராளமாகக் கூப்பிட்டான். பல வீடுகளில் பெயரையே கூப்பிடாமல் ‘ஏ’ என்று அழைத்தே ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தினான். பெயர் சொல்லாமை ஒரு பக்கத்தில் வணக்கமாகவும் மறு பக்கத்தில் அலட்சியமாகவும் நின்ற அந்த ஏற்பாடு இந்தத் தலைமுறையில் மறைந்து வருவது நல்லதே.

பிறப்பில் கிடைத்த பெயர் ஞானத்தின் வாசலில் மாறுகிறது. திருவெண்ணெய்நல்லூரிலேயே அதற்கும் உதாரணம் உண்டு. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் நெடுநாள் பிள்ளையின்றி இருந்து, திருவெண்காட்டு ஈசனை வேண்டிப் பெற்ற மகனுக்கு அவ்விறைவன் பெயரையே சூட்டிச் சுவேதவனப்பெருமாள் என்று அழைத்தார். தாய்மாமன் வீட்டில் வெண்ணெய்நல்லூரில் வளர்ந்த அந்தச் சிறு பாலகனுக்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்து, தம் குருவாகிய சத்தியஞான தரிசினியின் திருநாமத்தைத் தமிழாக்கி மெய்கண்டார் என்று பெயரிட்டார். குருவின் குருவுடைய பெயரே சீடனுக்கு. வடமொழியில் இருந்தது தமிழில் வந்தது. பன்னிரண்டு சூத்திரங்களாலான சிவஞானபோதம் இன்றளவும் அந்தப் பெயராலேயே போற்றப்படுகிறது. அந்தக் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்த சகலாகம பண்டிதர், தம் ஆகமப் புலமையைச் சொல்லும் பெயரோடு வந்து, சிறுவனாகிய மெய்கண்டாரின் முன்னே அடங்கி, அருணந்தி என்ற பெயரோடு எழுந்தார். கற்றதைச் சொல்லும் பெயர் நீங்கி, பெற்ற அருளைச் சொல்லும் பெயர் வந்தது என்பதிலேயே சைவ சித்தாந்தத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பேன்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் சமாதி கொண்டுள்ள வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளின் வாழ்க்கையோ ஒரு நாமாவளி போன்றது. 1839-இல் திருநெல்வேலியில் பிறந்தபோது அவர் பெயர் சங்கரலிங்கம். முருக பக்தி மேலிட்டு முருகதாசர் ஆனார். ஊர் ஊராகத் திருப்புகழைப் பரப்பியதால் திருப்புகழ் சுவாமிகள். கோவணமும் தண்டமும் தாங்கியதால் தண்டபாணி சுவாமிகள். சந்தப் பாட்டாகிய வண்ணத்தில் சரபத்தைப் போல் விளங்கியதால் வண்ணச்சரபம். மழை ஓயாததுபோல் பாடல் பொழிந்ததால் ஓயாமாரி. பெற்றோர் ஒரு பெயர் கொடுத்தார்கள். மற்றவற்றையெல்லாம் ஊரும் உலகமும் கொடுத்தன. 1898-இல் அவர் மறைந்தபோது, அவருடைய சாதி இன்னதென்று அறிவிக்கும் சொல் அந்தப் பெயர்களுள் ஒன்றிலும் இருக்கவில்லை.

மடாலயங்களில் இதற்கு நேர்மாறான ஒரு முறை இருக்கிறது. அங்கே மனிதர் மாறுவர், பெயர் மாறாது. சூரபத்மன் மயில் வடிவ மலையாகித் தவமிருந்தான் என்று தலபுராணம் கூறும் மயிலத்தில், பொம்மபுர ஆதீனத்தின் பட்டத்துக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் சிவஞான பாலய சுவாமிகள் என்றே வழங்கப்பெறுகிறார். இத்தனையாவது பட்டம் என்ற எண் மட்டுமே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கிறது. 1938-இல் தொடங்கிய மயிலம் தமிழ்க் கல்லூரியும் அந்தத் திருப்பெயரையே தாங்கியிருக்கிறது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரிலுள்ள ஜினகாஞ்சி மடத்தின் தலைவர்களும் அவ்வாறே லட்சுமிசேன பட்டாரகர் என்ற பெயரை வழிவழியாக ஏற்கிறார்கள். அரசன் வீட்டுப் பிள்ளை பாட்டன் பெயரை ரத்த உரிமையால் பெறுகிறான். துறவி அதைத் துறவால் பெறுகிறான். இரண்டும் ‘பெயரன்’ முறைதான்.

சமணத்தைப் பேசத் தொடங்கியபின் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றைச் சொல்லாமல் நகர முடியாது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் அந்தப் பாறைக்கருகே, சந்திரநந்தி ஆசிரியர் என்ற துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் என்று மிகத் தொன்மையான எழுத்தில் ஒரு சாசனம் இருக்கிறது. இளைய பட்டாரகர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைக் கூறும் மற்றொன்றும் அங்கே உண்டு. உடலை வேண்டாமென்று விட்டவர்களுடைய பெயரை, உடன் இருந்தவர்கள் விட மனமின்றிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இந்தப் பிரதேசத்துச் சமணக் குடும்பங்களில் அப்பாண்டைராசன் என்றும் தரணேந்திரன் என்றும் ஜினதாசன் என்றும் இன்றும் பெயர் வழங்குவதைக் கேட்கும்போது, அந்தப் பாறையின் குரலே மனித வாயில் தொடர்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

அரசர்கள் செய்தது வேறு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியிலுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் குடைவித்த குகைக் கோயிலில், மகேந்திரவர்மன் தன் இயற்பெயரை எழுதவில்லை. விசித்திரசித்தன் என்ற விருதுப்பெயரால் தன்னைக் குறித்தான். கோயிலுக்கு இலக்ஷிதாயதனம் என்று தன் இன்னொரு விருதுப்பெயரைச் சூட்டினான். தளவானூர்க் குகையில் சத்ருமல்லன் என்ற அவனுடைய பெயர் ஈசுவரனுக்கே பெயராகிச் சத்ருமல்லேசுவராலயம் ஆயிற்று. கடவுளின் பெயரை மனிதன் தாங்குவது பக்தி. மனிதனின் பெயரைக் கடவுள் மேல் ஏற்றுவது அரசியல். இருப்பினும், மகேந்திரன் எழுப்பிய குகை இல்லாவிட்டால் தமிழகக் கற்கோயில்களின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும் என்பதால், அந்த ஆசையை மன்னித்துவிட நான் தயாராக இருக்கிறேன்.

ஊர்ப் பெயர்களுக்கும் இந்த விதி பொருந்தும். திண்டிவனம் என்பது திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. அங்குள்ள ஈசனும் திந்திரிணீசுவரர். ஆனால் அந்த வடமொழிப் பெயருக்கு முன்பே அவ்விடத்தில் கிடங்கில் என்ற கோட்டை நகரம் இருந்தது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனுடைய ஊர்களுள் ஒன்றாகச் சிறுபாணாற்றுப்படையில் அது வருகிறது; காவிதிக் கீரங்கண்ணனார், குலபதி நக்கண்ணனார் முதலிய சங்கப் புலவர்கள் அவ்வூர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே வைத்து நிலைத்தார்கள். கிடங்கல் என்று இன்றும் நகரத்தின் ஒரு பகுதிக்கு வழங்குவது அதன் எச்சம். செஞ்சியைப் பிடித்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்தார்கள். பீஜப்பூர் சுல்தானியர் பாதுஷாபாத் என்றார்கள், 1698-இல் கைப்பற்றிய மொகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். அவையெல்லாம் ஏட்டில் கிடக்கின்றன. செஞ்சியம்மன் பெயரோடு ஜனங்கள் இணைத்துப் பேசும் செஞ்சி மட்டும் நிற்கிறது. 1714-இல் மாண்ட தேஜ் சிங்கைத் தமிழ் மக்கள் தேசிங்கு ஆக்கிக்கொண்டு, தங்கள் ராஜாவாகவே அழுது பாடினார்கள். ஆணையிட்டு வைத்த பெயர் போயிற்று. அன்பினால் மருவிய பெயர் நின்றது.

நம் காலத்திலும் இது நடந்தது. 1993 செப்டம்பர் 30-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டபோது இம்மாவட்டத்துக்கு விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயர். தலைவர்களின் பெயர்கள் சாதிப் பூசலுக்குக் காரணமாக்கப்பட்டதால், 1997-இல் தமிழகமெங்கும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அவை நீக்கப்பட்டன. தலைவர்கள் எல்லோருக்கும் உரியவர்கள் என்று ஏற்க நாம் பக்குவப்படாததற்கு அந்தப் பெயர்கள் தண்டனை அனுபவித்தன.

சாதியைப் பற்றிப் பேசாமல் பெயரைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது. ஒடுக்கப்பட்ட தெருவில் ஒரு தந்தை தன் மகனுக்குக் குப்புசாமி என்று பெயரிட்டால், ஆண்டைகள் தெருவில் அது குப்பன் என்றே கூப்பிடப்பட்டது. மாரியம்மாள் மாரி ஆனாள். சாமி என்பதும் அம்மாள் என்பதும் அவர்கள் பெயரில் இருக்கக் கூடாது என்று நாக்கே சட்டம் செய்தது. திண்டிவனத்துக்கு வடக்கே செங்கற்பட்டில் 1929-இல் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானித்ததன் பலனாகவே, இன்று ஒரு தமிழனின் பெயரைக் கேட்டவுடன் அவன் சாதி இன்னதென்று சொல்ல இயலாத நிலை பெருமளவு உண்டாயிருக்கிறது. இந்தியாவின் பிற பகுதிகளில் வசிப்பவர்கள் இதன் அருமையை உடனே உணர்வார்கள். இந்த எண்ணம் ரோமாபுரி வரை எட்டியது. நீலகண்டன் என்று பிறந்து, 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவரை 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கும் முன்பு, அவர் பெயரோடு ஒட்டி வந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கியே அறிவித்தது.

தேவசகாயம் என்பதே லாசர் என்ற விவிலியப் பெயரின் பொருள் பெயர்ப்பு. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்நிய நாமங்களை அப்படியே ஏற்காமல் தமிழாக்கிக்கொண்ட திறமை தனி ஆராய்ச்சிக்கு உரியது. கிரீடம் என்று பொருள்படும் ஸ்தேவானின் பெயர் முடியப்பன் ஆயிற்று. சிறியவன் என்று பொருள்படும் பவுலின் பெயர் சின்னப்பன் ஆயிற்று. அருளப்பன், சூசை, சவரிமுத்து, ஆசீர்வாதம் என்று விரியும் அந்தப் பட்டியலைக் கேட்டால், வேறு தேசத்துப் புனிதர்கள் நம் வயல்வரப்பில் நடந்து வருவது போலிருக்கும். இஸ்லாத்தில் இறைவனுக்குரிய 99 திருநாமங்களுள் ஒன்றோடு அப்துல் என்பதைச் சேர்த்து, ‘அவனுடைய அடியான்’ என்று மகனை அழைக்கிறார்கள். அடியான் என்ற சொல்லைக் கேட்டதும், வெண்ணெய்நல்லூர் ஓலை ஒருவருக்கு நினைவு வருமானால் அது இயல்பே.

இனி, தன் பெயரைத் தானே தேடிக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடைபெறும்போது, விழுப்புரம் நகரத்து விடுதிகளெல்லாம் திருநங்கையரால் நிரம்பும். களப்பலியாகப் போகும் அரவானுக்கு மனைவியாகத் தாலி ஏற்று, மறுநாள் அதை அறுத்துக்கொண்டு அழும் அவர்களுக்கு அந்தத் தெய்வத்தின் பெயரால் அரவாணி என்ற பெயர் வந்தது. பிறகு திருநங்கை என்ற சொல் நிலைபெற்று, 2008-இல் தமிழக அரசு அமைத்த நலவாரியத்தின் வழியே அரசாங்க ஏடுகளிலும் ஏறியது. அதற்கு முன் உலகம் அவர்களை எந்தெந்தச் சொற்களால் அழைத்தது என்பதை இங்கே எழுத என் கை கூசுகிறது. பிறந்த வீட்டார் வைத்த பெயரை விட்டு, தங்கள் சமூகக் கூட்டமாகிய ஜமாத்தில் குருவானவள் முன்னிலையில் ஒரு பெண்பெயரை ஏற்கும் அந்தச் சடங்கு, பரஞ்சோதி முனிவர் பாலகனுக்குப் பெயரிட்டதற்கும், பட்டத்துக்கு வருகிறவர் முன்னோர் பெயரை ஏற்பதற்கும் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. தம் பாலினத்தைத் தாமே உறுதி செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் தீர்ப்பளித்தது. ஆயினும், வங்கியிலும் மருத்துவமனையிலும் பழைய பெயரைப் பலரறியக் கூவி அழைத்து அவர்களை நிலைகுலையச் செய்யும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வெண்ணெய்நல்லூர்ச் சபை, ஓலையில் இருந்த பெயரை மதித்தது. நம் காலத்துச் சபை, ஒருவர் தம் வாயால் சொல்லும் பெயரையாவது மதிக்க வேண்டாமா?

இக்காலத்தில் எண் சாஸ்திரத்தை நம்பி ஆங்கில எழுத்துகளை ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் எழுதும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிடுகிறவர் நாவிலே எந்த வித்தியாசமும் உண்டாக்காத எழுத்து, பெயரிலே எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது. பொருள் இன்னதென்று பெற்றோருக்கே தெரியாத, வாய்க்குள் அடங்காத ஒலிக்கூட்டங்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. விழுப்புரத்தில் பிறந்து வி. சி. கணேசன் என்று ஊரின் முதலெழுத்தைத் தாங்கியவர், வீர சிவாஜியாக மேடையில் நடித்துப் பெரியாரால் சிவாஜி என்று அழைக்கப்பட்டது முதல் உலகுக்கு சிவாஜி கணேசன் ஆனார். அந்தப் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஊரோ, ஒரு தந்தையோ, ஒரு மேடையோ, ஒரு பெரியவரின் வாயோ காரணமாக நின்றது. நம் பிள்ளைகளின் பெயருக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கட்டும்.

இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஜூன் மாதத்தில் புதிய வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, பாவாடை, மண்ணாங்கட்டி, போதும்பொண்ணு என்று ஏதேனும் ஒரு பெயர் கண்ணில் பட்டால், அதை வாசிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, இந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்று உன் பாட்டியைக் கேட்டு வா என்று சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள அந்தப் பிள்ளை விரும்பினால், அரசிதழில் மாற்றும் வழியைக் காட்டுங்கள். வைத்துக்கொள்ள விரும்பினால், பாட்டி சொன்ன காரணத்தை வகுப்பு முழுவதும் கேட்க ஒரு முறை சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பெயரைத் தெளிவாக, முழுமையாக, உரக்கக் கூப்பிடுங்கள்.